ஊருக்குச் சொன்னது குடலிறக்கம்

எனக்கு முப்பத்தாறு வயது. பல்லடம் பக்கம் பன்னிரண்டு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறோம். போன நவம்பர் கடைசியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். செய்துகொண்டது நான்தான், என் மனைவி இல்லை. முன்கூட்டி விசாரிக்கலாம் என்று தேடினால் எங்கள் சுத்துவட்டாரத்தில் ஒரு ஆள் அகப்படவில்லை. செய்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? வாயைத் திறக்கத்தான் மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெண், அடுத்து பையன். எங்கள் பக்கம் இரண்டாவது பிரசவத்தோடு பெண்ணுக்குக் கட்டுப்பாடு பண்ணிவிடுவது வழக்கம். பையன் குறைமாதத்தில் 1.8 கிலோவில் பிறந்து இன்குபேட்டரில் கிடந்தான். "மொதல்ல இவன் தேறட்டும் கண்ணு" என்றார் மாமியார். சரியான பேச்சு. அப்புறம் காப்பர் டி வைத்தார்கள். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு. எடுத்துவிட்டு நிரோத் ஆணுறை என்று முடிவு செய்தோம். அதில் அசட்டையாக இருந்தது நான். போன ஆடியில் நாள் தள்ளிப்போய்விட்டது.

ஏழு வாரம் என்று ஸ்கேனில் தெரிந்தது. இரண்டு பேரும் பேசி, வேண்டாம் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒப்புதல் பாரத்தைப் பார்த்ததும் நான் பேனாவை எடுத்தேன். "உங்களுது வேண்டாங்க, அவங்க போட்டாப் போதும்" என்றார் நர்ஸ். 1971ஆம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டு வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை. எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தானே.

முதல் நாள் ஒரு மாத்திரை. இரண்டு நாள் கழித்து நான்கு. கேட்பதற்குச் சின்ன வேலை. அந்த நான்கைப் போட்ட ராத்திரி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள். நான் சுடுதண்ணி வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன், வேறென்ன செய்ய முடியும்? இந்த மாத்திரையை மெடிக்கலில் வாங்கித் தானாகப் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்க்காமல் போடாதீர்கள்.

பதினைந்தாம் நாள் மறுபடி வரச் சொன்னார்கள். முழுசாகக் கலைந்திருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 8.4தான். "ரத்தம் ஏறட்டும், அப்புறம் லேப்ராஸ்கோப்பில் உங்களுக்குக் கட்டுப்பாடு பண்ணிக்கலாம்" என்றார் டாக்டர். வெளியே வராந்தாவில் வைத்து அவள் கேட்டாள்: "எல்லாமே என்ற உடம்புலதானுங்களா மாமா?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்கு வரும் நர்சம்மாவிடம் கேட்டேன். அந்தம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி அடித்த மாதிரி. நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா வருகிறது, உங்கள் பேரை எழுதிக்கொள்ளட்டுமா என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாடு முழுக்கக் கல்யாணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர்கள் 37.9 சதவீதம், புருஷன் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3. அந்தம்மாவுக்குச் சந்தோஷம் வராதா?

வீட்டில்தான் ரகளை. "பொம்பளைக்குப் பண்றத உனக்கெதுக்கு சாமி? பீமு தூக்கறவன் நீ, நாளைக்கு நடக்கறதுக்கே தெம்பில்லாமப் போயிட்டா?" என்று அம்மா ஒரு பாடு அழுதார். அப்பாருக்கு எமர்ஜென்சி ஞாபகம். ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வரும் ஜீப் சத்தம் கேட்டால் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்த கதையை நூறாவது முறையாகச் சொன்னார். அவர் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். அந்த ஓட்டத்தில்தான் இந்த ஆபரேஷனுக்கே கெட்ட பேர் வந்தது.

தெம்பு போகுமா என்று நானும் டாக்டரிடம் கேட்டேன், வெட்கப்பட்டால் ஆகுமா? ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவது, இந்த ஆபரேஷனில் வெட்டுகிற விந்தணுக் குழாய் வழியாகப் போவதில்லை. விந்தின் அளவும் குறைந்த மாதிரியே தெரியாது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு வேறு சுரப்பிகளிலிருந்து வரும் நீர். ஆனால் மறுபடி ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு வராதீர்கள் என்று கறாராகச் சொன்னார்.

அன்று காலை ஷேவ் செய்து, தண்ணி வாத்துக்கொண்டு, இறுக்கமான ஜட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ரத்தம், யூரின், பிரஷர் பார்த்தார்கள். என் பாரத்திலும் என் கையெழுத்து மட்டும்தான். மரப்பு ஊசி கட்டெறும்பு கடித்த மாதிரி. பிறகு குழாயை வெளியே இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு இழுப்பு, குமட்டல் வருகிற மாதிரி. அதுதான் மோசமான நேரம். கத்தி கிடையாது, ஊசிமுனைக் கொறடு போன்ற ஒன்றால் சின்ன ஓட்டை. 1974இல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறையாம். இருபது நிமிடத்தில் முடிந்தது, தையல் இல்லை. ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வந்தேன். பிற்பாடு வங்கிக் கணக்கில் 1,100 ரூபாய் ஏறியது. ஒரு வாரம் தறிக்கு ஆள் விட்ட கூலிக்கு அது காணாது.

ஒரு தப்புப் பண்ணினேன். இரண்டு நாள் படுத்திருந்ததில் எல்லாம் சரி என்று நினைத்து, மூன்றாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு நூல் கோன் மூட்டை ஏற்றி வந்தேன். ராத்திரிக்குள் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. நர்சம்மாவுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கி, ஐஸ் வைத்து, அடுத்த நாலு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் வரத்து நின்றாலும் தார்க் குச்சியில் சுற்றியது தீரும் வரை தறி ஓடத்தானே செய்யும். குழாயில் மிச்சம் இருக்கிற விந்தணு தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத் கட்டாயம். அப்புறம் விந்தைச் சோதித்து, இல்லை என்று எழுதி வந்தால்தான் சான்றிதழ்.

அந்தச் சோதனைதான் ஆபரேஷனைவிடக் கஷ்டம். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துப் பாத்ரூமைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் இல்லை, வெளியே சுகர் டெஸ்டுக்கு வரிசை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு! ரிசல்டில் விந்தணு கொஞ்சம் இருப்பதாக வந்தது. இன்னும் ஒரு மாதம் நிரோத். அடுத்த முறை வீட்டிலேயே எடுத்து, சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விந்தணுகூட இல்லை என்று வந்தது.

படுத்திருந்த நாளில் வந்த ஒறம்பரைகளிடமெல்லாம் அம்மா "குடலிறக்கம்" என்று சொல்லி வைத்திருந்தார். சித்திரையில் பெரிய மச்சான் வந்தார். அவருக்கு நிஜமாகவே குடலிறக்கம், இரண்டு வருஷமாகத் தள்ளிப்போடுகிறார். "ஏனுங்க மாப்ளே, தையலே இல்லாம இருவது நிமிசத்துல பண்ணுனாராமே, எந்த டாக்டருங்க அது?"

குடோனுக்குப் பின்னால் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்டதோ என்னவோ என்று இன்னொரு தரமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வலிக்குமுங்களா?"