ஸ்கேன் நார்மல்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இதைப் பெருமையாக எழுதும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கல்யாணமாகி வடசென்னையில் டோல்கேட் பக்கம் குடிவந்த இரண்டாம் நாள், அத்தை என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் அடிபம்பைக் காட்டினார். "காலைல அஞ்சரைக்கு மெட்ரோ வாட்டர் வுடுவான் கண்ணு. ஆறரைக்கு நின்னுடும். அதுக்குள்ள ரொப்பிக்கணும்." பெயின்ட் உரிந்த கைப்பிடி, அடியில் பாசி படிந்த சிமென்ட் தரை, பக்கத்தில் துணி துவைக்கிற கல். நான்கு மாதம் அடித்தேன். உள்ளங்கையில் காய்ப்புகூட வந்துவிட்டது. வீடியோ காலில் அதை அம்மாவுக்குக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் அந்தப் பாசியில் கால் வழுக்கியது. பின்மண்டை கல்லின் விளிம்பில் போய் இடித்தது. ரத்தம் இல்லை, மயக்கமும் போடவில்லை. எழுந்து உட்கார்ந்து "தண்ணி நின்னுடுச்சா அத்தை?" என்று கேட்டேனாம். அவர் பதில் சொன்னதும் மறுபடி அதையே கேட்டேனாம். அப்புறம் மூன்றாவது தடவையும். எனக்கு ஒரு தடவை கேட்டதுகூட ஞாபகம் இல்லை. பல வாரம் கழித்துத்தான் அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மருத்துவமனையில் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

அத்தை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் போகலாம் என்றார். அவருடைய பிள்ளைகள் மூவரும் அங்கே பிறந்தவர்கள். கூட்டத்தில் உட்கார வேண்டாமே என்று என் கணவர்தான் ஆட்டோவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு விடச் சொன்னார். கவுன்ட்டரில் இருந்த பெண் "ஆக்சிடென்ட்டா? ரோட்லயா?" என்று ஆர்வமாகக் கேட்டார். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கமே பணம் கட்டும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இங்கே இருக்கிறது. நானோ வீட்டு வாசலில் விழுந்தவள். "இன்னும் நாலடி தள்ளி விழுந்திருந்தா தெருவாயிருக்கும்" என்று திரும்பி வரும்போது கணவர் சொன்னார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலும் தலைக்குள் மணி அடித்தது.

டூட்டி டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், பெயர் கேட்டார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சீட்டில் பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதினார். அது கிளாஸ்கோ அளவுகோலாம், 1974இல் வந்தது. கண் திறப்பது, பேசுவது, அசைவது மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே முழு மதிப்பெண். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்கேன் நார்மல். ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். வலி மாத்திரை, வாந்தி மாத்திரை, பில். டாக்டரிடம் நின்ற நேரத்தைவிட பில் கட்ட நின்ற நேரம் அதிகம்.

ஸ்கேன் எடுத்தது தப்பு என்று சொல்லமாட்டேன். மண்டை ஓட்டில் விரிசல் விட்டிருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க அதுதான் வழி. ஆனால் நார்மல் என்ற சொல்லோடு எல்லாரும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். கிள்ளானில் என் அக்கா தாதியாக இருக்கிறாள் (இங்கே நர்ஸ் என்றால்தான் புரிகிறது). அவள்தான் அன்று ராத்திரி போனில் விஷயத்தைச் சொன்னாள். "குடம் உடையலன்னு பாத்துட்டாங்க, நல்லது. உள்ள தண்ணி அலம்பினது ஸ்கேன்ல தெரியாது. இதுக்குப் பேரு மூளை அதிர்ச்சி. மயக்கம் போட்டாத்தான் வரும்னு இல்ல." அப்புறம் கணவரைப் போனுக்குக் கூப்பிட்டு, எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கைகால் வலுவிழந்தால், ஃபிட்ஸ் வந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், எழுப்பியும் எழாவிட்டால், விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஓட வேண்டும். இதை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுக்க அந்த மருத்துவமனைக்கு எத்தனை பைசா ஆகியிருக்கும்? அக்காவுக்கு அப்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம்.

அந்தப் பட்டியலில் இருந்த எதுவும் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

ஆடி மாதத்தில் மண்டை அடிபட்டவர்கள் வடசென்னையில் இருக்கக் கூடாது. எங்கள் தெரு முனையில் ஓர் அம்மன் கோயில், அடுத்த தெருவில் இன்னொன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு ஒலிபெருக்கியும் இரண்டு வேறு பாட்டோடு தொடங்கும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் அதன் மேல். ஒரு நாள் தெருவில் சாவு மேளம் போனது. நான் ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்தும். பால் கணக்கு கூட்ட வராது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மளிகைக்கடைக்குப் போய்விட்டு, திரும்பும் வழி தெரியாமல் நின்றேன். காரணமில்லாமல் அழுகை வரும், அதைவிடக் காரணமில்லாமல் எரிச்சல் வரும்.

இதெல்லாம் எனக்கு விழுவதற்கு முன்பும் கொஞ்சம் இருந்தன. அதுதான் சிக்கல். வந்த புதிதில் ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தியிருக்கிறேன். தெருக்கள் குழம்பியிருக்கின்றன. "நாஸ்டா ஆச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது அது காலைச் சாப்பாடு என்று புரியாமல் விழித்திருக்கிறேன். நான் பதிலுக்குப் "பசியாறிட்டேன்" என்றதும் அவர்கள் விழித்தார்கள். ராத்திரி அம்மாவை நினைத்து அழுததும் உண்டு. இப்போது வருவதில் எது ஊர் ஏக்கம், எது அடிபட்ட மூளை என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் குழப்பமே இல்லை. எல்லாமே ஊர் ஏக்கம்தான்.

மூன்றாம் வாரம் பார்த்த டாக்டர் ஸ்கேன் கவரைத் திறக்கவே இல்லை. "எந்த ஊரும்மா? மலேசியாவா? வந்து எத்தனை மாசம்?" அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார். கணவரைப் பார்த்து, "அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போங்க சார், சரியாயிடும்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். என் தலையைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அடுத்து பார்த்தவர் சத்து ஊசி போட்டார், வலி மாத்திரையைத் தினமும் போடச் சொன்னார். வீட்டிலோ, பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம் ஒரு மாதம் இருட்டறையில் படு என்றார்கள். அக்கா அதற்கும் குறுக்கே வந்தாள். முதல் ஓரிரு நாள்தான் ஓய்வு, அப்புறம் தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும், இருட்டில் கிடந்தால் இன்னும் மோசமாகும் என்றாள். நான் யார் பேச்சைக் கேட்பது? நடுவில் வீசா நீட்டிப்பு வேறு. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தால் குமட்டும், கண்ணை மூடிக்கொண்டு பாஸ்போர்ட் எண்ணைச் சொல்லச் சொல்ல நாத்தனார் தட்டச்சு செய்தாள்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருக்கிறார். ரங்கூனில் பிறந்தவர். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்த பிறகு கடை கண்ணியெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் செய்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவார். நான் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து குந்தினார். "நாங்க வந்தப்போ என் தம்பிக்குக் காய்ச்சல். புது தண்ணி ஒத்துக்கல, சரியாப்பூடும்னாங்க. பத்து நாள் அதையே சொன்னாங்க. கடைசில பாத்தா டைபாய்டு." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உனுக்கு இன்னா பண்ணுதுன்னு டெய்லி எய்தி வை. வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான்" என்றார்.

அன்றிலிருந்து சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். பின்பக்கம் என் தலை. வலிக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை மாத்திரை. சுருக்கமாக, நாலைந்து சொல். 'கோயில் பாட்டு, 7.' 'காய் நறுக்கும்போது, 4.' 'படுக்கையில் வலது பக்கம் திரும்பினேன், வீடே சுழன்றது.' இந்தக் கடைசி வரி பதினெட்டுத் தாளில் இருந்தது. எழுதும்போது நான் கவனிக்கவே இல்லை.

பாரிமுனைப் பக்கம் காது மூக்கு தொண்டை பார்க்கும் ஒரு டாக்டர் இருப்பதாக நாத்தனார் சொல்லி, ரப்பர்பேண்ட் போட்ட அந்தத் தாள் கட்டோடு போனேன். தலையில் அடிக்குக் காது டாக்டர் எதற்கு என்றுதான் நினைத்தேன். அவர் வயதான அம்மா. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார், நடுவில் ஒரு நாளின் நல்ல நேரத்தையும் படித்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்: "தலை சுத்துதுன்னு சொல்றீங்களே, ரூம் சுத்துதா, நீங்க தள்ளாடறீங்களா, இல்ல கண்ணு இருட்டிட்டு வருதா?"

எனக்கு வாயடைத்துப் போனது. எங்கள் வீட்டில் மலாய்ச் சொல்லைப் போட்டு 'பெனிங்கா இருக்கு' என்போம். தலைவலிக்கும் அதுதான், கிறுகிறுப்புக்கும் அதுதான். இங்கே வந்து எல்லாவற்றையும் 'மயக்கமா வருது' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இங்குள்ளவர்களும் அப்படித்தானே சொல்கிறார்கள். டாக்டர்கள் அதைக் கேட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சாப்பிட்டீங்களா என்றார்கள். மூன்றும் மூன்று வியாதி என்று யாருக்குத் தெரியும்? "ரூம் சுத்துது டாக்டர். திரும்பிப் படுத்தா மட்டும். அரை நிமிஷம்" என்றேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி சட்டென்று சாய்த்தார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கூரை, மின்விசிறி, அவர் முகம் எல்லாம் ராட்டினத்தில் ஏறிக்கொண்டன. நான் அவர் கையைப் பிடித்து நகத்தால் கீறிவிட்டேன். "கண்ணு ஆடுது, தெரியுது. மூடாதீங்க" என்று அமைதியாகச் சொன்னார். சுழற்சி நின்றதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், அப்படியே உடம்போடு புரட்டினார், கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் போல. உள்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் இருக்குமாம். தலையில் அடிபட்டால் அவை இடம்பெயர்ந்து, சமநிலை பார்க்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுமாம். இந்தப் புரட்டல் அவற்றைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவதுதான். மாத்திரை கிடையாது. மறுவாரம் இன்னொரு தடவை செய்தார். சுழற்சி போய்விட்டது. ஏழு வாரம் ஊர் ஏக்கம் என்று சொல்லப்பட்டது, பத்து நிமிட வேலை.

மற்றது எல்லாம் போகவில்லை. அதையும் அவரே சொன்னார். இது காதுக் கோளாறு மட்டும், தலைவலியும் மறதியும் மூளை அதிர்ச்சியுடையவை, அது தனிக்கணக்கு. பெரியவர்களில் நிறையப் பேருக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், நீங்கள் இழுக்கிற ரகம் என்றார். தாள்களில் மாத்திரைக் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலி கொடுக்கும் என்றார். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். மறுபடி எங்கும் இடித்துக்கொள்ளாதே என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் நரகம். அதைப் பற்றி எழுதினால் அதற்கே ஒரு பக்கம் போய்விடும்.

அவரைப் பார்த்துவிட்டு மண்ணடியில் மெட்ரோ ஏறினால், தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அப்புறம் ரயில் மேலே ஏறி வெளியே வரும். அந்த இடத்தில் வெளிச்சம் கண்ணில் அறையும். முதல் இரண்டு தடவை துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை பக்கத்தில் ஒரு குழந்தை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு "கடல், கடல்" என்று கத்தியது. தெரிகிறதா என்று பார்க்க நானும் திரும்பினேன். தண்ணீர்த் தொட்டிகளும் மொட்டைமாடித் துணிகளும்தான் எனக்குத் தெரிந்தன.

கணவர் பம்படியில் பாசியைச் சுரண்டிவிட்டு இரண்டாக மடித்த கோணிச் சாக்கு போட்டிருக்கிறார். தண்ணீர் அடிப்பது இப்போது அவர் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிஃபார்மோடு அடிக்கிறார். ஆயா அதைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் மறுபடி ஒரு சாவு மேளம் வந்தது. எதிர்வீட்டுத் தாத்தா. போகாமல் இருக்க முடியாது, வந்த புதிதில் எனக்கு மீன் வாங்கச் சொல்லிக்கொடுத்தவர். வாசலில் நின்றேன். பூ வண்டி முனை திரும்புகிற வரைக்கும் நின்றேன், வெடிச்சத்தத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளே வந்ததும் அத்தை முகத்தைப் பார்த்து, "மாத்திர வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்: 'மேளம், 5. படுக்கவில்லை.'