ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒரு நிமிடம்

ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான டாம்கேட்டை நிறுவுவது பெரிய வித்தை இல்லை. சுருக்கப்பட்ட கோப்பை இறக்கி விரித்து, ஜாவா எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, தொடக்க ஸ்கிரிப்டை ஓட்டினால் 8080 போர்ட்டில் (இயந்திரத்துக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்) வரவேற்புப் பக்கம் வந்து நிற்கும். இதே வகை சர்வர்களில் வெப்லாஜிக் என்றால் 7001, வைல்ட்ஃப்ளையின் நிர்வாகப் பக்கம் 9990, கிளாஸ்ஃபிஷ்ஷுக்கு 4848. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் "முடிஞ்சுது சார்" என்பார்கள். என் கணக்கில் அப்போது வேலை ஆரம்பிக்கக்கூட இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் யோசிக்காமல் எடுக்கிற முடிவுகள்தான் வருடக்கணக்கில் கூடவே வரும். எந்தப் பயனரின் பெயரில் ஓட்டுவது? லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகள் சாதாரணப் பயனருக்குக் கிடைக்காது. எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 வேண்டும் என்பதற்காக மொத்த சர்வரையும் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, ஓட்டிவிடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்ளிகேஷனில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், இயந்திரமே கையை விட்டுப் போய்விடும். கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வரை முன்னால் வைத்து, பின்னால் டாம்கேட்டை அதற்கென்று உருவாக்கிய பயனரில் ஓட்டுவதுதான் சரி. மென்பொருள் ஒரு டைரக்டரி, நம்முடைய கான்ஃபிக், அப்ளிகேஷனைப் பொதிந்த வார் கோப்பு, லாக் எல்லாம் வேறொரு டைரக்டரி என்று பிரித்து வைப்பதும் அப்படித்தான். டாம்கேட்டில் கேட்டலினா ஹோம், கேட்டலினா பேஸ் என்று இரண்டு மாறிகள் இருப்பதே இதற்காகத்தான். பதிப்பை மாற்றுகிற இரவில் இந்தப் பிரிவினையின் அருமை தெரியும்.

பயன்படுத்தாத கதவை மூடுவதும் இதில் சேர்த்தி. 2020-இல் டாம்கேட்டில் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது பலர் தங்கள் சர்வரில் 8009 போர்ட் திறந்திருக்கிறது என்பதையே அப்போதுதான் கவனித்தார்கள். முன்னால் இருக்கும் வெப் சர்வர் டாம்கேட்டோடு பேசுவதற்கான ஏஜேபி இணைப்பு அந்த போர்ட்டில் அதுவரை இயல்பாகவே திறந்து வந்தது. அதைக் கேட்டவர்களும் இல்லை, மூடியவர்களும் இல்லை.

பதிப்புப் பொருத்தம் தனி வேதனை. டாம்கேட் 9-இல் ஒழுங்காக ஓடிய வார் கோப்பை 10-இல் போட்டால் டிப்ளாய் ஆனதாகவே லாக் சொல்லும், ஆனால் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் 404 வரலாம். ஆரக்கிள் 2017-இல், இந்த சர்வர்கள் பின்பற்றும் ஜாவா விதித்தொகுப்பான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க முன்வந்தது. அதன் பேக்கேஜ் பெயர்களின் முன்னொட்டான ஜாவாஎக்ஸ் என்ற பெயர்வெளியில் தொடர்ந்து மாற்றம் செய்யும் உரிமை மட்டும் கூட வரவில்லை. அதனால் ஜாவா இஇ-யின் புதிய பெயரில் 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. டாம்கேட் 10 பின்பற்றுவது அதைத்தான். வக்கீல்கள் பேசி முடித்ததை நாம் நள்ளிரவில் சரிசெய்கிறோம்!

இதெல்லாம் ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்தது. தீராதது ஒன்று உண்டு, "சர்வர் டவுன்" என்று வரும் போன்.

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சர்வர் டவுனாக இருக்காது. ப்ராசஸ் உயிரோடு இருக்கும், போர்ட் திறந்திருக்கும், சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். பக்கம் மட்டும் வராது. போனில் இருப்பவருக்கு இந்த வித்தியாசத்தில் அக்கறை இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். பண்ணினால் சரியாகியும்விடும். அதுதான் இதில் உள்ள விஷம். எது சிக்கியிருந்தது என்ற தடயம் முழுக்க அந்த ப்ராசஸின் நினைவகத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் முதலில் அழிப்பது அதைத்தான். அடுத்த வாரம் அதே நேரம் அதே போன் வரும்.

அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். யார் லைனில் இருந்தாலும் சரி, த்ரெட் டம்ப், அதாவது சர்வருக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு த்ரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு, எடுக்காமல் ரீஸ்டார்ட் கிடையாது. சில நொடி இடைவெளியில் மூன்று டம்ப். டெவலப்பர்களுக்கான ஜாவா தொகுப்போடு வரும் ஜேஸ்டாக் கருவி இருந்தால் அது. ஜாவாவை ஓட்ட மட்டுமே தேவையான ஜேஆர்இ போட்ட இயந்திரத்தில் அது இருக்காது, அங்கே ப்ராசஸுக்கு 3-ஆம் எண் சிக்னல் அனுப்பினால் போதும். அதை அனுப்பும் கில் என்ற கட்டளையின் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்தச் சிக்னலுக்கு ஜாவா சாகாது. தன் த்ரெட்டுகள் எல்லாம் எங்கே நிற்கின்றன என்று எழுதிவிட்டு வேலையைத் தொடரும்.

ஒரு நிறுவனத்தில் மாதக் கடைசி நாட்களில் ஒரு அப்ளிகேஷன் தவறாமல் உறைந்துபோகும். "டாம்கேட் ஸ்டேபிளாக இல்லை" என்று டிக்கெட்டிலேயே எழுதிவிட்டார்கள். த்ரெட்டுகளின் உச்ச எண்ணான மேக்ஸ்த்ரெட்ஸை இயல்பான 200-இலிருந்து ஏற்றுவது, ஜாவாவின் நினைவகமான ஹீப்பை இரட்டிப்பாக்குவது என்று திட்டமும் தயார். நான் போனபோது மேலாளர் லைனில் காத்திருந்தார். டம்ப் எடுத்து முடிக்கும்வரை அவர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை.

டம்பில் கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் நின்றன. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் கனெக்ஷன் பூலில் கனெக்ஷன் கேட்டு வெயிட்டிங். பூலின் அளவை யாரும் குறிப்பிடவில்லை. டாம்கேட்டோடு வரும் டிபிசிபி பூலில் அந்த இயல்பு எண் 8. காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பே இல்லை. சரி, அந்த 8 கனெக்ஷனையும் யார் பிடித்திருக்கிறார்கள்? தேடினால், 8 த்ரெட்டுகள் ரன்னபிள் என்று காட்டின. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். ரன்னபிள் என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். நெட்வொர்க் சாக்கெட்டில் பதில் வருமா என்று படிக்கக் காத்திருக்கும் த்ரெட்டும் ஜாவாவின் கண்ணுக்கு ரன்னபிள்தான். மூன்று டம்பிலும் அவை அதே வரியில் நின்றன. மூன்று எடுப்பது இதற்காகத்தான்.

அவை படிக்கக் காத்திருந்தது டேட்டாபேஸிடமிருந்துகூட இல்லை, வெளியே உள்ள ஒரு சேவையிடமிருந்து. நிரல் முதலில் டேட்டாபேஸ் கனெக்ஷனைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை விடாமலே அந்தச் சேவையைக் கூப்பிட்டது. டைம்அவுட் போடவில்லை. ஜாவாவின் எச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷன் வகுப்பில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். மாதக் கடைசியில் அந்தச் சேவைக்கு நெரிசல், அது தாமதிக்கும், இங்கே கனெக்ஷன்கள் மாட்டிக்கொள்ளும், பூல் வற்றும், மொத்த தளமும் நின்றுவிடும். உள்ளே 8 நாற்காலி போட்டுவிட்டு வாசலை அகலப்படுத்தினால் நிற்கிறவர்கள்தான் கூடுவார்கள். மேக்ஸ்த்ரெட்ஸை ஏற்றியிருந்தால் நடந்திருப்பது அதுதான்.

டெவலப்பர்கள் டைம்அவுட் போட்டார்கள், சேவையை அழைத்து முடித்த பிறகு கனெக்ஷன் எடுக்கும்படி வரிசையை மாற்றினார்கள். டாம்கேட்டில் நான் மாற்றியது பூலின் அளவும் காத்திருப்பு வரம்பும் மட்டும். டிக்கெட்டின் தலைப்பை மட்டும் யாரும் திருத்தவே இல்லை.

டெவலப்பர்களோடு பேசுவதிலும் டம்ப் உதவுகிறது. "உங்க கோடுதான் காரணம்" என்றால் "என் மெஷின்ல ஓடுதே" என்று பதில் வரும். வகுப்பின் பெயரும் வரி எண்ணும் கொடுத்தால் பேச்சே மாறிவிடும். முழு டம்பை இணைப்பாக அனுப்பினால் திறந்து பார்க்கவே மாட்டார்கள். சிக்கிய த்ரெட்டின் பத்து வரியை மட்டும் மெயிலின் உடலிலேயே ஒட்டி அனுப்புவேன்.

சில சாவுகளுக்கு த்ரெட் டம்ப் உதவாது. லாக்கில் ஒரு வரிகூட இல்லாமல் ஜாவா ப்ராசஸ் மறைந்துபோனால் லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைப் பார்க்க வேண்டும். ஹீப்பின் உச்ச அளவான எக்ஸ்எம்எக்ஸை இயந்திரத்தின் மொத்த நினைவகத்துக்கு நெருக்கமாக வைத்திருப்பார்கள், வகுப்புகளின் விவரம் இருக்கும் மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் எல்லாம் ஹீப்புக்கு வெளியே என்பதை மறந்திருப்பார்கள், நினைவகம் போதாமல் கெர்னல் ப்ராசஸைத் தீர்த்துக்கட்டியிருக்கும். டிஸ்க் நிரம்பியது என்று ஓடும் சர்வரின் கேட்டலினா.அவுட் லாக் கோப்பை அழிப்பதும் வீண் வேலை. ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பாது. உள்ளடக்கத்தைக் காலி செய்தால் இடம் உடனே கிடைக்கும்.

இப்போது அப்ளிகேஷனைத் தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கண்டெய்னர்கள் வந்துவிட்டன. "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று யாரும் போன் செய்வதில்லை, அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் தானே செய்துவிடுகிறது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனைக்குப் பதில் வராவிட்டால் கண்டெய்னரை நிறுத்திப் புதிதாகத் தொடங்கிவிடும், நாம் உள்ளே நுழைவதற்குள் எல்லாம் போய்விடும். அதனால் நிறுத்துவதற்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப் ஹூக்கில் டம்ப் எடுக்கும் சிறு ஸ்கிரிப்டை வைத்துவிடுகிறேன். அது எழுதும் இடம் வெளியே இணைத்த வால்யூமாக (சேமிப்பிடமாக) இருக்க வேண்டும். கண்டெய்னருக்குள்ளேயே எழுதினால் அதோடு டம்பும் போய்விடும்.