முடிவு வந்த பிறகு என்ன? – ஒரு நெறிமுறைக் குழு உறுப்பினரின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2026, செவ்வாய்

அடுத்த வாரக் கூட்டத்துக்கான கோப்புகள் வந்துவிட்டன. மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் நான் மருத்துவர் அல்லாத உறுப்பினர். வேலை பார்த்ததெல்லாம் கணக்குத் தணிக்கையில். அதனால் எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய ஆய்வு ஒன்று. தினமும் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதிலாக, ரத்தக்குழாய் வழியாக ஒரே தடவையில் ஏற்றினால் பலன் கூடுமா என்று பார்க்கப் போகிறார்கள். நல்ல கேள்விதான். எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள், மாதிரி எங்கே இருக்கும், ஒவ்வாமை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், கணினியின் கடவுச்சொல் யார் கையில், எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. 'முடிவுகளின் பயன்பாடு' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் ஒற்றை வரி: "முடிவுகள் ஆய்விதழ்களில் வெளியிடப்படும்."

பங்கேற்கும் பெண்ணிடம் கொடுக்கும் தகவல் தாள் வேறு சொல்கிறது: "இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லாமல் போகலாம். ஆனால் உங்களைப் போன்ற மற்றத் தாய்மார்களுக்கு உதவும்." அவர் கையெழுத்துப் போடுவது இந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான். அதைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கு என்று கோப்பு முழுக்கத் தேடினேன். யாருக்கும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

வைட்டமின் சி குறைவால் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோயின் கதையை மறுபடி படித்தேன். 1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். வினிகர், கடல்நீர், நீர்த்த கந்தக அமிலம் என்று போகிறது பட்டியல். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த ஜோடியில் ஒருவர் ஆறு நாளில் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். லிண்டின் புத்தகம் வந்தது 1753இல். கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல்.

'அதிகாரிகளின் அலட்சியம்' என்று இதை முடித்துவிடுவார்கள். அவ்வளவு எளிதில்லை. பழம் கெட்டுப்போகுமே என்று சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக வைத்துக்கொள்ளும்படி லிண்டே பரிந்துரைத்தார். காய்ச்சியதில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விட்டது. கண்டுபிடிப்பு சரி, அதைக் கப்பலில் ஏற்றும் வழி தப்பு. கடைசியில் காரியத்தை முடித்த கில்பர்ட் பிளேன் புதிதாக எதையும் கண்டுபிடித்தவர் அல்ல. கடற்படையின் மருத்துவ வாரியத்தில் அவருக்கு நாற்காலி இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே விஷயம். குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். அப்புறம் அடுத்தடுத்து சோதனைகள். தனித்தனியாகப் பார்த்தால் சிலது தெளிவாக இருக்காது. சேர்த்துப் பார்த்தால் பலன் பளிச்சென்று தெரியும். ஆனால் வெகுகாலம் அப்படிச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இதை உறுதியாகப் பரிந்துரைத்தது 1994இல். நடுவே போன இருபது வருடங்களில் விலை மலிவான ஒரு ஊசி கிடைக்காமல் எத்தனையோ குழந்தைகள் போயிருக்கின்றன. மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டிச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் இந்தச் சோதனைகளின் முடிவுகள்தான்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, 'ஆதாரம் இருக்கிறது, உடனே சட்டமாக்கு' என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும்.

வசதி குறைந்த இடங்களுக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்று ஆறு நாடுகளில் ஆக்ட் என்ற பெரிய சோதனை நடந்தது. சுமார் ஒரு லட்சம் தாய்மார்கள். 2015இல் முடிவு வந்தது. எதிர்பார்த்த பலன் இல்லை என்பது மட்டுமல்ல, மொத்தத்தில் பார்த்தால் ஆயிரம் பெண்களுக்கு 3.5 சிசு மரணம் கூடுதல். தாய்மார்களிடம் நோய்த்தொற்றும் கூடியிருந்தது. எந்த ஊசி ஓரிடத்தில் உயிர் காத்ததோ, அதே ஊசி!

உலக சுகாதார நிறுவனம் மறுபடி சோதித்தது. இந்தத் தடவை, கர்ப்பத்தின் வாரக் கணக்கை அல்ட்ராசவுண்டில் உறுதிசெய்துகொண்டார்கள். தாய்க்குத் தொற்று அறிகுறி இல்லையென்று பார்த்துக்கொண்டார்கள். பச்சிளங்குழந்தையைக் கவனிக்க வசதி உள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்தினார்கள். 2020இல் வந்த முடிவில், ஸ்டீராய்டு பெற்ற தரப்பில் சிசு மரணம் 19.6 சதவீதம், பெறாத தரப்பில் 23.5. பலன் கண்கூடு என்பதால் சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஆக, பலன் தருவது மருந்து மட்டும் அல்ல. மருந்து, வாரக் கணக்கு, கவனிப்பு மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. கொள்கைக் குறிப்பில் மருந்தின் பெயரும் அளவும் மட்டும் ஏறி, மற்ற இரண்டும் வழியில் உதிர்ந்துபோனால் அதற்கு யார் ஜவாப்தாரி? ஆராய்ச்சியாளர் "நான் எல்லாம் எழுதியிருந்தேனே" என்பார். அதிகாரி "வல்லுநர்கள் சொன்னதைத்தான் செய்தேன்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

கூட்டம். ரத்தசோகை ஆய்வை நடத்தப்போகிற மருத்துவரும் வந்திருந்தார். கெட்டிக்காரர், எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. நான் கேட்டேன்: "ஏற்றுவதுதான் சிறந்தது என்று உங்கள் முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம் டாக்டர். மறுநாள் என்ன நடக்கும்?"

"வெளியிடுவோம் சார்."

"அதற்கு மறுநாள்?"

சிரித்துவிட்டார். "அது அரசாங்கத்தோட வேலை சார். அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

தலைவரும் அவர் பக்கம்தான். பங்கேற்பாளரைக் காப்பது நம் வேலை, கொள்கை வகுப்பது நம் வேலை இல்லை, எல்லையைத் தாண்டாதீர்கள் என்றார். மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும் ஹெல்சின்கி பிரகடனத்தை எடுத்துக் காட்டினேன். சோதனையில் பயன் தெரிந்த சிகிச்சை, சோதனை முடிந்த பிறகும் பங்கேற்றவர்களில் தேவைப்படுவோருக்குக் கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும் என்று அதில் இருக்கிறது. "அது பங்கேற்றவர்களுக்கு மட்டும்" என்றார் தலைவர். சரிதான். ஆனால் மருத்துவ அறிவியல் அமைப்புகளின் சர்வதேச மன்றம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வசதி குறைந்த சமூகத்தில் ஆய்வு செய்தால், அதில் கிடைக்கும் பயன் அந்தச் சமூகத்துக்கே சீக்கிரம் கிடைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. தலைவர் வாங்கிப் படித்தார். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றார். குழுக்களின் மொழியில் அது பாதிச் சம்மதம்.

புள்ளியியல் மேடம்தான் சரியான இடத்தில் கிள்ளினார். "கொள்கை போடறவங்களோட முன்னாடியே உட்கார்ந்து பேசினா, அவங்களுக்கு வேண்டிய முடிவுதானே சார் வரும்?" இதற்கு என்னிடம் அங்கே பதில் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

மேடத்தின் கேள்விக்கு மிக மோசமான உதாரணம் அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு. ஆராய்ச்சியும் பொதுச் சுகாதாரமும் அங்கே ஒரே கையில் இருந்தன. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையே தொடங்கியது அது. அலபாமாவில் மேகப்புண் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்றார்கள். 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

பலரும் இதை ரகசியச் சதி என்று நினைக்கிறார்கள். ரகசியமே இல்லை. 1936 முதல் ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன, மருத்துவ உலகம் படித்துக்கொண்டே இருந்தது. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் 1966இல் எதிர்ப்புத் தெரிவித்தார். 1969இல் ஒரு வல்லுநர் குழு கூடி, யோசித்து, தொடரலாம் என்று முடிவெடுத்தது. குழு! பத்திரிகையில் அம்பலமான பிறகுதான் 1972இல் நிறுத்தினார்கள். 1974இல் ஆய்வில் பங்கேற்பவர்களைக் காக்க ஒரு சட்டம், 1979இல் அதற்கான நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை. எங்களைப் போன்ற குழுக்களுக்கு இன்றைக்கு இருக்கும் அதிகாரத்தில் கணிசமான பங்கு அந்த அவமானத்திலிருந்து வந்தது.

'வெளியிடப்படும்' என்ற ஒற்றை வரி எனக்கு ஏன் போதவில்லை என்பதற்கும் இதுவே காரணம். டஸ்கீகியும் வெளியிடப்பட்டதுதான்.

மார்ச் 19, வியாழன்

2020ஐ இரண்டு பத்திகளில் எழுதிப் பார்க்கிறேன்.

மே 22: ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொடுத்த கொரோனா நோயாளிகளிடம் மரணம் அதிகம் என்று லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை. மே 25: உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைக்கிறது. கட்டுரைக்குத் தரவு கொடுத்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் அதைத் தணிக்கைக்குக் காட்ட மறுக்கிறது. ஜூன் 4: கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. மூலக் கணக்கைக் காட்டாதவரின் இருப்புநிலைக் குறிப்பில் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போடமாட்டார். அந்த மருந்து பிறகு நேர்மையான சோதனைகளிலும் பலன் தரவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 16: பிரிட்டனின் ரெகவரி சோதனை, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வெண்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவிக்கிறது. கட்டுரை இன்னும் வரவில்லை. ஆனாலும் அன்றைக்கே அந்த நாட்டின் மருத்துவமனைகளுக்கு உத்தரவு போகிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் கூடவே சொல்லப்பட்டது. ஏன் இவ்வளவு வேகம் முடிந்தது? அரசின் சொந்த மருத்துவமனைகளிலேயே சோதனை நடந்தது. முடிவைச் செயல்படுத்த வேண்டியவர்களுக்கு, எந்தக் கேள்விக்குப் பதில் வரப்போகிறது என்பது முன்பே தெரியும். பதில் என்ன என்பதை மட்டும் அவர்கள் தொடவில்லை.

மேடத்துக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். கேள்வியைச் சேர்ந்து வகுக்கலாம், பதிலில் மட்டும் கைவைக்கக் கூடாது. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் பதிவுசெய்துவிட்டால் நடுவில் அளவுகோலை மாற்றுவதும் கஷ்டம். வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஒரு பழைய புகார்: புதிய மருந்தைப் பாதி நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டுமானால் மருத்துவருக்கு ஆயிரம் அனுமதி வேண்டும், எல்லோருக்கும் கொடுப்பதென்றால் யாரையும் கேட்க வேண்டாம். கொள்கையும் அப்படித்தான். உப்பில் எதையாவது சேர்த்து நூறு பேரிடம் சோதிக்க நூறு கையெழுத்து. நாடு முழுக்கச் சேர்க்க ஒரே ஒரு கையெழுத்து.

மார்ச் 27, வெள்ளி

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கக் குழு ஒப்புக்கொண்டது. "உங்கள் முடிவு சரியென்று வந்தால் நடைமுறையில் எது மாற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, அவரிடம் பேசியாகிவிட்டதா?" அடிப்படை ஆய்வுகளுக்கு இது பொருந்தாது என்று ஒருவர் சொன்னார். நியாயம், விலக்கு கொடுத்தோம்.

மேடம் இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார்: "பயன் இல்லை அல்லது தீங்கு என்று வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?" இதயத் துடிப்பைச் சீராக்கும் லார்கேனைடு என்ற மருந்தை அவர் உதாரணம் காட்டினார். 1980இல் நூறு பேருக்கும் குறைவான சிறிய சோதனை. மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தார்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி பெற்றவர்களில் ஒருவர். வணிகக் காரணங்களால் மருந்து கைவிடப்பட்டது, கட்டுரையும் கிடப்பில் போனது. வெளிவந்தது 1993இல். இதற்கிடையே அதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் ஏராளமானவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. என் கேள்வியைவிட மேடத்தின் கேள்விதான் முக்கியமானது என்று படுகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

ரத்தசோகை ஆய்வு திருத்தப்பட்டு வந்திருக்கிறது. மருத்துவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். தாய்சேய் நலத் திட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தாராம். அவர் கேட்ட முதல் கேள்வி பலனைப் பற்றி இல்லை. ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் கவனிக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். அதையும் அளக்கிற மாதிரி ஆய்வையே மாற்றியிருக்கிறார்கள். ஒரு நர்ஸுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதற்குத் தனிப் படிவம்!

இந்த மாதம் வந்த மற்ற கோப்புகளில் இரண்டில் புதிய கேள்விக்கு நேரே "பொருந்தாது" என்று எழுதியிருக்கிறது. இரண்டும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள். திருப்பி அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.