தண்டவாளத்துக்குத் தெற்கே ஐந்து மைல்: லிங்கன் நெடுஞ்சாலையைத் தேடிய ஏழு மாதக் குறிப்புகள்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவர்களுக்கு, மழை பெய்த மறுநாள் நடப்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து எட்டு வைப்பதற்குள் செருப்பில் ஒரு படி மண் அப்பிக்கொள்ளும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர வேண்டும். வேலைக்காக அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து நான்கு வருடம் ஆன பிறகு, ஒரு நூலகச் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தில் அதே மண்ணைப் பார்த்தேன். அச்சு வரை புதைந்து நிற்கும் ஒரு கார், அதை இழுக்கும் இரண்டு குதிரைகள், முழங்கால் வரை சேற்றோடு ஒரு ஆள். படத்துக்குக் கீழே ‘லிங்கன் நெடுஞ்சாலை’ என்று எழுதியிருந்தது. இங்கே அந்த மண்ணைக் ‘கம்போ’ என்கிறார்கள். கறுப்பு, பிசுக்கு, மழை பட்டால் பிடித்த காலை விடாது. நம்ம கரிசல்தான்.

அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது தொடங்கிய வேலை இது. மார்ச் முதல் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

மார்ச்

லிங்கன் நெடுஞ்சாலை 1913 அக்டோபர் 31 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடிந்தது. 13 மாநிலங்கள், 3,389 மைல். யோசனை இண்டியானாபோலிஸைச் சேர்ந்த கார்ல் ஃபிஷருடையது. பேக்கார்டு கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி ஜாய்தான் இதற்காக அமைந்த லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கத்துக்கும் தலைவரானார். நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் புதிதாக எதையும் வெட்டிப் போட்டுவிடவில்லை. இருந்த வண்டிப்பாதைகளையும் ஊர்ச்சாலைகளையும் ஒன்றோடொன்று கோத்து ஒரு பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். மழை பெய்தால் அயோவாவில் நகரத் தெருக்களுக்கு வெளியே ஒரு சக்கரமும் உருளாது என்று ஹென்றி ஜாய் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார்.

1920-களின் நடுவில் சாலைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் வைக்கும் முறை வந்தது. லிங்கன் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி யு.எஸ். 30 ஆனது. சங்கமும் கலைந்தது. பிறகு 1992-இல் இதே அயோவாவில், ஆக்டன் என்ற சிற்றூரில், ஆர்வலர்கள் கூடி அதை மறுபடி தொடங்கினார்கள். நான் போய்ச் சேர்ந்த உள்ளூர்க் குழு அந்த மரபில் வந்தது. ஓய்வுபெற்ற விவசாயிகள், ஒரு பள்ளி ஆசிரியை, பாலம் கட்டும் வேலை பார்த்த ஒருவர் என்று பன்னிரண்டு பேர் இருப்போம். பெரும்பாலானவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஐந்து மைல் தூரத்துக்கு 1913-ஆம் ஆண்டுப் பாதை எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இப்போதைய சாலை ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே நேராகப் போகிறது. பழையது தெற்கே போனது என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல்

அக்காலத்தில் ‘ஆட்டோமொபைல் புளூ புக்’ என்று ஒரு வழிகாட்டி ஆண்டுதோறும் வந்தது. ஊர் நடுவிலிருந்து எத்தனை மைல் போய் எங்கே திரும்ப வேண்டும் என்று மைலில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு அதில் இருக்கும். பெயர்ப்பலகை இல்லாத காலம் என்பதால் பள்ளிக்கூடம், தண்டவாளம், பாலம் இவைதான் அடையாளம். எங்கள் ஐந்து மைலுக்கு அதில் இருந்ததன் சாரம் இது: ஊரை விட்டதும் தண்டவாளத்தைத் தாண்டித் தெற்கே வா, ஒரு பள்ளிக்கூடத்தில் இடப்பக்கம் திரும்பு, கொஞ்ச தூரம் போய் மறுபடி வடக்கே திரும்பித் தண்டவாளத்தைத் தாண்டு. ஆக, தெற்குப் பேச்சு உண்மைதான். ஆனால் எந்தப் பள்ளிக்கூடம்?

இங்கே நிலம் 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஒரு சதுரத்துக்குப் பக்கம் ஒரு மைல், பரப்பு 640 ஏக்கர். ஊர்ச்சாலைகள் அந்தச் சதுரங்களின் விளிம்பிலேயே ஓடும். அதனால் 1913-ஆம் ஆண்டுக்காரர் கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டுமென்றால் படிக்கட்டு ஏறுவது போல, செங்குத்தாகத் திரும்பித் திரும்பித்தான் போயிருப்பார். ஓரறைப் பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் இந்தச் சதுர மூலைகளில்தான் நின்றன. பழைய நில உடைமை வரைபடத்தில் எங்கள் பகுதியில் மூன்று பள்ளிகள் இருந்தன.

அடுத்து, 1930-களில் வேளாண்மைத் துறைக்காக எடுத்த வான்படங்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் அவற்றை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்துப் பொருத்தினேன். இதில் ஒரு தப்பு செய்தேன், மற்றவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். பொருத்துவதற்கான புள்ளிகளாக ஓடையின் வளைவையும் ஒரு தேவாலயத்தையும் எடுத்துக்கொண்டேன். ஓடை எண்பது வருடத்தில் இடம் மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மொத்தப் படமும் 40 அடி நகர்ந்து கிடந்தது. இரண்டு வாரம் அந்தத் தப்பான படத்தை நம்பி வயலோரம் நடந்தேன். பிறகு ஓடையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சதுர மூலைகளில் சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் வைத்துப் பொருத்தினேன். பிழை 10 அடிக்குள் வந்தது.

சரியாக விழுந்த படத்தில், நடுப் பள்ளிக்கூடம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அதன் ஓரமாக, உழுத கறுப்பு நிலத்தில் ஒரு வெளிறிய கோடு. பென்சிலால் இழுத்து அழித்தது போல. அன்று இரவு தூங்க முடியவில்லை.

மே

நில உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். விதைப்புக்கு முன் நான்கு நாள்தான் நடக்க முடியும் என்றார். முதல் நாளே, வேலியோரம் புல்லுக்கு அடியில் கான்கிரீட் தட்டுப்பட்டது. மண்ணைக் கையால் ஒதுக்க ஒதுக்க நீண்டுகொண்டே போனது. ஓரத்தில் தட்டின் விளிம்பு போல வளைந்து ஏறிய கரை. படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

பாலம் கட்டிய பெரியவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். குனிந்து அந்தக் கரையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் டேப்பை என் கையில் கொடுத்து, “அகலம் அளந்து பாருங்கள்” என்றார். 18 அடி.

“நீங்கள் கண்டுபிடித்தது ரோடுதான். நீங்கள் தேடுகிற ரோடு இல்லை” என்றார்.

18 அடி அகலமும் அந்த விளிம்புக் கரையும் அயோவா பின்னால் கான்கிரீட் போடத் தொடங்கியபோது வந்தவை. மழைநீர் சாலையோரத்தை அரிக்காமல் வடிகாலுக்குப் போகட்டும் என்று கட்டிய கரை. எண் வைத்த காலத்துச் சாலை அது. 1913-இல் இங்கே இருந்தது வெறும் மண். “மண் ரோடு மண்ணுக்குள் போய்விடும். அதைத் தேடாதீர்கள், அதன் பக்கத்தில் நின்றதைத் தேடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தைதான் என் வேலையைத் திருப்பிப் போட்டது. மீதி மூன்று நாளும் தரையைப் பார்க்காமல் நடந்தேன். தண்டவாளத்துக்குத் தெற்கே ஒரு வீடு, அதன் முன்திண்ணை இப்போதைய சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெற்கே வெறும் வயலைப் பார்த்து நிற்கிறது. யாரும் வயலைப் பார்த்து வாசல் வைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆள் அரவமே இல்லாத இடத்தில் ஒரு லைலாக் புதர் பூத்திருந்தது. அது இங்கே தானாக முளைக்கிற செடி இல்லை. ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நட்டிருப்பாள். வீடு போய்விட்டது, செடி இருக்கிறது. திண்ணைக்கும் லைலாக்குக்கும் இடையே நூல் பிடித்தால், அது வான்படத்தின் வெளிறிய கோட்டின் மேல் அப்படியே விழுந்தது.

அதே நூலில், ஒரு சின்ன வாய்க்காலின் குறுக்கே புதர் மூடிய கான்கிரீட் மதகு. இரண்டு கார் எதிரெதிரே போக முடியாத அகலம். அதன் பக்கச் சுவரில் வார்ப்புப் பலகையின் மர வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு இடத்தில் பலகையின் முடிச்சு, சுழியோடு அப்படியே. விரலை வைத்துப் பார்த்தேன். மரம் மக்கிப் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும், அதன் ரேகை இருக்கிறது.

ஜூலை

மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. வயலுக்குள் வேலை இல்லை. மண் சாலையை அந்தக் காலத்தில் எப்படி ஓட்டத்துக்கு வைத்திருந்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

மிசூரியைச் சேர்ந்த விவசாயி டி. வார்டு கிங் பரப்பிய ஒரு கருவி இருக்கிறது. ஒரு மரத்தடியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் கொஞ்சம் இடைவெளி விட்டு இணைத்து, ஒரு ஆள் மேலே ஏறி நின்று, குதிரை பூட்டிச் சாய்வாக இழுப்பது. சக்கரத் தடத்துப் பள்ளம் நிரம்பும், மண் நடுவுக்கு ஒதுங்கி மேடாகும், தண்ணீர் இரு பக்கமும் வடியும். ஆனால் மழை விட்டதும் ஈரத்தோடேயே இழுக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் அழுத்திச் சொல்லியிருந்தது எனக்குப் புரியவில்லை. சேற்றில் இழுத்தால் இன்னும் சேறாகத்தானே போகும்?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏய்யா, இது பரம்புதானே? ஈரம் காயுறதுக்குள்ள இழுத்தாத்தான் மண்ணு வழவழன்னு படியும். படிஞ்சு காஞ்சா ஓடு மாதிரி ஆயிரும், தண்ணி உள்ள இறங்காது. காஞ்சப்புறம் இழுத்தா கட்டிதான் புரளும்.”

புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் அப்பா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு விவசாயி தன் தாத்தாவும் ‘ஓடு மாதிரி’ என்றுதான் சொல்வார் என்றார். இப்போது குழுவின் பதிவேட்டில் அந்தக் கருவிக்கான குறிப்பில் அப்பாவின் விளக்கமும் இருக்கிறது.

ஆகஸ்ட்

குழுவோடு ஒரு நாள் பயணம். கோலோ என்ற ஊரில் லிங்கன் நெடுஞ்சாலையும் ஜெஃபர்சன் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் முனையில் பழைய பெட்ரோல் நிலையம், உணவகம், தங்கும் விடுதி மூன்றையும் மீட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து டாமா என்ற ஊர்.

டாமாவில் இருப்பது சின்னப் பாலம்தான். மட் கிரீக் என்ற ஓடையின் மேல் 1915-இல் கட்டியது. ‘சேற்று ஓடை’ என்று பெயர் வைத்த ஓடை! ஆனால் அதன் கைப்பிடிச் சுவரே எழுத்து. ‘லிங்கன் ஹைவே’ என்ற ஆங்கில எழுத்துகளையே தூண்களாக நிறுத்தி, மேலே கீழே கான்கிரீட் பட்டி கொடுத்திருக்கிறார்கள். எழுத்துகளின் இடைவெளி வழியே ஓடை தெரிகிறது. இரண்டு பக்கமும் அப்படியே. சாலை முழுக்கச் சேறாக இருந்த காலத்தில், ஒரு சின்ன ஊர் தன் வழியாக அது போகிறது என்பதை இப்படிக் கல்லெழுத்தாக நிறுத்தியிருக்கிறது. குனிந்து ஒரு எழுத்தின் உள்மூலையில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அந்தப் பாலத்தைக் கட்டிய நான்கு ஆண்டுகளில், 1919-இல், ராணுவ வண்டிகளின் அணி ஒன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்தச் சாலையின் வழியே போனது. 62 நாள் ஆனது. பார்வையாளராகக் கூடப் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான், 1956-இல், மாநிலங்களை இணைக்கும் அகலச் சாலைகளுக்கான சட்டம் வந்தது.

செப்டம்பர்

1928 செப்டம்பர் 1 அன்று சாரணச் சிறுவர்கள் இந்தச் சாலை நெடுக, அதற்கு அடையாளமாக 2,400-க்கும் மேற்பட்ட கான்கிரீட் கம்பங்களை நட்டார்கள். மேலே சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை, வெள்ளையில் நீல நிற ‘எல்’ எழுத்து, கீழே லிங்கன் முகம் பதித்த வெண்கல வில்லை. இன்று அசல் இடத்தில் நிற்பவை மிகக் குறைவு.

எங்கள் ஊரில் ஒன்று பண்ணை வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. வில்லை இல்லை, இரண்டு முனை உடைந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி தொண்ணூறைத் தாண்டியவர். அவரிடம் ஒரு மணி நேரம் குரல்பதிவு செய்தேன். கம்பம் எங்கே நின்றது என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் தன் அம்மா மழை நாளில் புதைந்த கார்க்காரர்களுக்கு வீட்டுக்குள் காப்பி கொடுத்ததாகவும், அப்பா குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போவதாகவும் சொன்னார்கள் என்றார். திண்ணை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். “தெற்கே. ரோட்டைப் பார்த்து” என்றார்.

நான் மே மாதம் பார்த்த அந்தத் திண்ணை அவர் பிறந்த வீட்டுத் திண்ணை.

அக்டோபர்

ஐந்து மைலில் நாலேகால் மைலை இப்போது அழுத்தமான கோடாக வரைந்துவிட்டேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குறைந்தது இரண்டு சாட்சி இருந்தால்தான் கோடு என்று குழுவில் ஒரு வழக்கம். அது நல்ல வழக்கம். பாதையைக் காட்ட மின்கம்பங்களில் அந்த மூவண்ணப் பட்டையைத் தீட்ட அனுமதி கிடைக்கவில்லை, அதனால் உள்ளாட்சியின் இசைவோடு தனியாக மரக்கம்பம் நட்டு எழுதுகிறோம். மூன்று நட்டாகிவிட்டது. நீல எழுத்தைத் தீட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

பாக்கி முக்கால் மைல், பள்ளிக்கூட மூலையிலிருந்து இரண்டாவது தண்டவாளக் கடவு வரை. அங்கே திண்ணையும் இல்லை, லைலாக்கும் இல்லை. அந்த வயலின் உரிமையாளர், அறுவடை முடிந்து பனி விழுவதற்கு முன் பத்து நாள் நடந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். நேற்று போய்ப் பார்த்தேன், கதிர் காய்ந்து சலசலத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை வரைபடத்தில் அது புள்ளிக்கோடு.