பாய்மரப் படகுல டீ குடிக்கிற கதை

பாய்மரப் படகுல கரையோரமாவே நெடுந்தூரம் போறேன்னு சொன்னா, "ஜாலியா காத்து வாங்கிட்டு படுத்துட்டே போவீங்க"ன்றாங்க. காத்து சரி, படுக்கிறது எங்க? படகுல நானும் அண்ணனும் ரெண்டே பேர், நாலு மணி நேரம் ஒருத்தர் சுக்கான் பிடிக்கணும், அடுத்த நாலு மணி நேரம் இன்னொருத்தர். தூங்கும்போதும் படகு 15, 20 டிகிரி சாஞ்சேதான் போகும், உருண்டு விழாம இருக்க படுக்கைக்கு பக்கத்துல துணியில தடுப்பு கட்டியிருக்கும், தொட்டில் குழந்தை மாதிரி அதுக்குள்ள கெடக்கணும்.

சமையல்தான் பெரிய கூத்து. அடுப்பு ரெண்டு பக்கமும் அச்சுல தொங்குறதால படகு சாஞ்சாலும் அது மட்டும் நேரா நிக்கும். மொத்த படகுல நிதானமா இருக்கிற ஒரே ஆள் அதுதான். ஆனா டீயை கப்புல ஊத்திட்டா அடுப்பு பொறுப்பில்ல. காத்து நேரா எதிர்ல அடிச்சா பாயை வச்சு நேரா போக முடியாதுல்ல, ஏறக்குறைய 45 டிகிரி விலகி இடம் வலம்னு மாத்தி மாத்தி வளைஞ்சு போகணும், 10 மைல் தள்ளியிருக்கிற இடத்துக்கு 14 மைல் ஓடணும். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் இடப்பக்கம் சாஞ்ச வீடு வலப்பக்கம் சாயும். கரெக்டா நான் டீ ஊத்துன நிமிஷம்தான் மேல இருந்து "டேய் திருப்பப் போறேன்!"னு சத்தம் வரும். ஒரு தடவை மொத்த டீயும் அவர் ஷூவுக்குள்ளயே போச்சு, நியாயமான தீர்ப்புன்னு விட்டுட்டேன்.

நல்ல தண்ணி கணக்கு பாத்துதான் செலவு. பாத்திரமெல்லாம் கடல் தண்ணியில கழுவி, கடைசியா கொஞ்சூண்டு நல்ல தண்ணி காட்டுவோம், அதனால சாப்பாட்டுல உப்பு கம்மின்னு யாரும் குறை சொல்ல வாய்ப்பே இல்ல.

ராத்திரி வேற மாதிரி. நடுக்கடலை விட கரையோரம்தாங்க தொல்லை ஜாஸ்தி, பாறை, மணல் திட்டு, அப்புறம் விளக்கே இல்லாத மீன் வலை மிதவைங்க, இன்ஜின் ஓடும்போது கயிறு புரொப்பல்லர்ல சுத்திக்கிச்சுன்னா முடிஞ்சுது கதை. ஒரு ராத்திரி காத்து சுத்தமா செத்துப்போச்சு, நீரோட்டம் வேற எதிர்ல. அண்ணன் கண்ணை கசக்கிட்டு மேல வந்து பாத்தார்.

"என்னடா, நான் தூங்கப் போறப்ப இந்த லைட்ஹவுஸ் இன்னும் கிட்ட இருந்துச்சே?"

"அதுதாண்ணே நகர்ந்திருக்கும், நான் சுக்கானை அசைக்கவே இல்ல."