பாலத்தை நினைப்பதற்கு முன்

அதிர்ச்சி தந்த நினைவை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணை இடம் வலமாக ஓட்டும் இ.எம்.டி.ஆர். என்ற மனநல சிகிச்சைக்குப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் விரலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுவார்களாமே, அதைப் பார்த்தால் பயம் போய்விடுமாமே என்று. அந்த விரல் என் முன்னால் அசைவதற்குப் பல வாரங்கள் பிடித்தன. நான் இங்கே எழுத வந்தது அந்த வாரங்களைப் பற்றி.

பட்டர்வொர்த் பக்கத்துக் கரையிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் பினாங்குப் பாலத்தில் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கண்டெய்னர் லாரி எங்கள் தடத்துக்குள் ஒதுங்கியது. தம்பிக்குக் கால் எலும்பு முறிந்தது. எனக்கு வெறும் சிராய்ப்பு. அவன் கால் தேறி மறுபடியும் அதே பாலத்தில் வண்டி ஓட்டுகிறான். எனக்கோ லாரியின் ஏர் பிரேக் சத்தம் கேட்டாலே கை விறைத்துவிடும். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் கட்டிவிட்டார். கயிறு இன்னும் இருக்கிறது.

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்து, அங்கே கொடுத்த கடிதத்தோடு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். விபத்துக்குப் பிந்தைய மனக்காயம்தான் என்று அங்கே உறுதிசெய்து, தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு இ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரைத் தீவில் தேடிப் பிடித்தேன். தமிழ்ப் பெண்மணி.

இந்த முறையை உருவாக்கியவர் ஃபிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் அவருக்கு இந்த யோசனை தோன்றியது. 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் மனக்காயத்துக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. மொத்தம் எட்டுக் கட்டங்கள். கண்ணசைவு வருவது நான்காவது கட்டத்தில்தான். முதலாவது நம் கதையைக் கேட்பது, இரண்டாவது ஆயத்தம். என்னுடைய உளவியலாளர் இந்த இரண்டாவதில்தான் நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கேள்வித்தாள்கள். ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எப்படி வந்தோம் என்பதே நினைவில்லாமல் போவதுண்டா, நம் உடல் நம்முடையதல்ல என்று தோன்றுவதுண்டா என்ற வகைக் கேள்விகள். அப்படி அடிக்கடி நிகழ்கிறவர்களை அவசரப்பட்டுப் பழைய நினைவுக்குள் இறக்கினால் இன்னும் குலைந்துபோவார்கள். அவர்களுக்கு ஆயத்தம் இன்னும் நீளும் என்றார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறதா என்றும் நேராகவே கேட்டார். தூக்க மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டார்; மருந்தில் மாற்றம் வேண்டுமானால் மருத்துவரிடம்தான் பேச வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது என்றார். கண்ணில் வலியோ நோயோ உண்டா என்பதும் ஒரு கேள்வி. இருந்தால் கண்ணுக்குப் பதில் கைகளை மாறி மாறித் தட்டியும் செய்யலாமாம்.

பிறகு ‘அமைதியான இடம்’ என்ற பயிற்சி. மனத்துக்குள் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். அதன் நிறம், சத்தம், வாசனை எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, கட்டைவிரல்களைக் கோத்து, காறையெலும்புக்குக் கீழே விரல் நுனியால் இடம் வலமாக மெதுவாகத் தட்ட வேண்டும். வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்கிறார்கள். மெக்சிகோவில் ஒரு பெரும் புயலில் தப்பியவர்களோடு வேலை செய்தபோது பிறந்த உத்தியாம். நான் தேர்ந்தெடுத்தது தண்ணீர்மலைப் படிகள். சில தட்டல்களிலேயே தைப்பூசக் கூட்டத்தின் இரைச்சல் ஆம்புலன்ஸ் ஒலியாக மாறிவிட்டது. அவர் உடனே நிறுத்தச் சொன்னார். “விபத்தோடும் வேண்டுதலோடும் ஒட்டாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும். அவசரமே இல்லை,” என்றார். பூமலைத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடி நினைவுக்கு வந்தது. அடிமரத்திலேயே பூத்துக் கிடக்கும் அந்தப் பூவின் வாசனை மூக்கில் ஏறியதும் தோள் தானாகக் கீழே இறங்கியது. அங்கே திரியும் குரங்குகளை மட்டும் படத்தில் சேர்க்கவில்லை.

அடுத்தது ‘பெட்டி’. கனமான நினைவுகளை அடுத்த அமர்வு வரை பூட்டி வைக்க மனத்துக்குள் ஒரு பெட்டி. பட்டர்வொர்த்துக்காரிக்குப் பெட்டி என்றதும் துறைமுகத்துக் கண்டெய்னர்தான் தோன்றும். அதுவே என்னை இடித்த லாரியில் இருந்தது! இருவரும் சிரித்துவிட்டோம். கடைசியில் பாட்டியின் எவர்சில்வர் அரிசி டின் வந்தது. இறுக்கமான மூடி, திறக்கும்போது ஒரு கிறீச். மறந்துவிட வேண்டும் என்று இதில் எதையும் போடுவதில்லை. எடுக்கும் நாள் தெரியும் என்பதால்தான் மூடி நிற்கிறது.

நிறுத்தும் சைகைக்கும் ஒத்திகை உண்டு. கையை உயர்த்தினால் அவர் நிறுத்துவார். ஆனால் பெரியவர்களிடம் ‘போதும்’ என்று சொல்லிப் பழகாத நமக்கு அந்தக் கை எளிதில் எழுமா? அதனால் மேற்பார்வையாளர் திட்டிய ஒரு சில்லறை நினைவை எடுத்து, நடுவில் கையை உயர்த்தச் செய்தார். ஒவ்வொரு முறையும் அவர் சட்டென்று நின்றார். இதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. கமூட்டர் ரயிலில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே ஓடுவதைப் பார்ப்பதுபோல நினைவைப் பார்க்க வேண்டும், இறங்கி அதற்குள் ஓடக் கூடாது என்று விளக்கியதும் அன்றுதான்.

வீட்டுக்கும் வேலை கொடுத்தார். திகில் வந்தால் கண்ணில் படும் ஐந்து, தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று, முகரும் இரண்டு, சுவைக்கும் ஒன்று என்று எண்ண வேண்டும். ஃபெர்ரியில் இதைச் செய்யும்போது முகர்வதற்குப் பஞ்சமில்லை: டீசலும் கடலும். உடல் சூடேறிப் படபடக்கிறதா, மரத்துப்போகிறதா என்று நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில், மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. 24 மணி நேரமும் பேசலாம். இரவு ஷிப்ட் வாரத்தில் அமர்வு கூடாது, முடிந்ததும் தம்பியோ அம்மாவோ கூட்டிப் போக வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி.

இணையத்தில் இடம் வலமாக ஓடும் பந்தைக் காட்டி, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். பந்து யாருக்கு வேண்டும்? நான் மரத்துப்போனால் அந்தப் பந்து கவனிக்குமா? முதல் சந்திப்பிலேயே மிக மோசமான நினைவைச் சொல்லச் சொல்லிக் கண்ணை ஓட்டச் சொல்கிறவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள் என்றுதான் என் சிற்றன்னை மகளிடம் சொன்னேன்.

கண்ணசைவு தொடங்கியபோதும் பாலத்தை முதலில் தொடவில்லை. அவசரப் பிரிவின் வராந்தாவில் காத்திருந்ததை எடுத்தோம். நினைவு எவ்வளவு வேதனை தருகிறது என்பதை 0 முதல் 10 வரை அளப்பார்கள்; 10தான் உச்சம். அது எனக்கு 5. சில அமர்வுகளில் 1க்கு இறங்கியது. பிறகே பாலம்: 9. முதல் நாள் 6இல் நின்றது. முடியாத மீதியை அரிசி டின்னில் போட்டு மூடி, நாகலிங்க மரத்தடியில் சற்று நேரம் இருந்துவிட்டுத்தான் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அந்த வாரம் கனவுகள் தாறுமாறாக வந்தன. வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறாமல் நோட்டில் எழுதினேன். அடுத்த அமர்வில், அந்த 6 அப்படியே இருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே தொடர்வாராம்.