பதற்றமான நாட்களில் வீட்டுக்குள் இருப்பவர்கள்

நாட்டில் எங்காவது கலவரம் என்ற செய்தி வந்தால், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் வயதானவர்கள் முதலில் அலுமாரியைத்தான் திறப்பார்கள். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும். 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு ஓடி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, பிறகு கப்பலேறி வடக்கே காங்கேசன்துறைக்குப் போன என் அம்மாவும் அப்படித்தான். "இப்ப ஒண்டும் நடக்காது, பேசாமல் படுங்கோ" என்று பிள்ளைகள் அவர்களை அடக்குவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. அப்படிச் சொல்வதால் பயம் போய்விடுவதில்லை. அதைச் சொல்ல ஆளில்லாமல் அவர்கள் தனித்துப் போகிறார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதற்குப் பின்வந்த நாட்களில், ஊரடங்குச் சட்டத்துக்குள் அடைபட்டிருந்த வீடுகளில், குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறதாம் என்பது போன்ற வதந்திகள் வாய்க்கு வாய் பரவின. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியிருந்தும் அவை நிற்கவில்லை. செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பயத்தை எவ்வளவு வளர்க்கும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்ததை அடுத்த வாரத்தில், நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தத்தைத் தெரிவித்தார்கள். ஆகவே எங்கள் வீட்டில் அத்தகைய நாட்களில் காலையும் மாலையும் ஒவ்வொரு தடவை மட்டுமே செய்தி பார்ப்பது, யார் சொன்னது என்று தெரியாத குரல்பதிவை யாருக்கும் அனுப்பாமல் விடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அம்மாவைத் தேற்றியது வேறொன்று. 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஊரடங்கு போடப்பட்ட மாலையில், அவர் ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீரோடு கீழ்மாடிக்கு இறங்கிப் போனார். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் விளக்கை அணைத்துவிட்டு இருந்தது. பாதி திறந்த கதவின் இடுக்கில் நின்ற இளம்பெண்ணிடம், "பிள்ளை, இரவைக்கு ஏதும் சத்தம் கேட்டால் யோசிக்காமல் மேல வந்து கதவைத் தட்டு, நான் முழிச்சுத்தான் இருப்பன்" என்றார். 1983இல் அவருக்கும் அப்படிச் சொன்ன ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அன்றிரவு அம்மாவின் கை நடுக்கம் குறைந்திருந்ததை நான் கண்டேன். பயந்தவரை உட்காரவைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதிலும் பார்க்க, அவரால் செய்யக்கூடிய ஒரு வேலையையும், கவனிக்க ஒரு மனிதரையும் அவரிடம் ஒப்படைப்பது மேல் என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

அதேநேரம், பட்டதையெல்லாம் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது: நிலைமையைப் பார்க்க வேண்டும், அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும், தேவையான உதவியோடும் உறவினரோடும் இணைத்துவிட வேண்டும். அம்மா கப்பல் பயணத்தைப் பற்றி இன்றுவரை முழுவதுமாகச் சொன்னதில்லை, நானும் கேட்பதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் மறைக்காமல், அவர்கள் வயதுக்கு விளங்கும் அளவில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பெரியவர்களின் தாழ்ந்த குரலிலிருந்து அவர்கள் இதைவிடப் பயங்கரமான கதையைத் தாமே கட்டிக்கொள்வார்கள்.

நிலைமை அடங்கிப் பல வாரங்கள் கடந்தும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், கதவுச் சத்தத்துக்கே திடுக்கிடுகிறவர்களுக்கு வீட்டாரின் அன்பு மட்டும் போதாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. அந்த நிறுவகம், மனநோய் வைத்தியசாலையின் பெயராகவே பழகிப்போன அங்கொடையில் இருப்பதால், அந்தப் பெயரைக் கேட்டே எங்கள் ஆட்கள் கூச்சப்பட்டுப் பின்வாங்குகிறார்கள். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகிறவர்கள் இதற்கு அழைக்கத் தயங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தயங்குபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.